ஆறா ஏழா

ருசே நகரம். பிப்ரவரி. இரவு பதினொன்று.
உயிரியல் ஆய்வகத்தில் உட்கார்ந்து திருத்துகிறோம்,
மற்ற அறைகளில் ஹீட்டர் ஓடாததால்.
ஃபார்மலின் புட்டிக்குள்ளிருந்து ஒரு தவளை
எங்கள் சிவப்புப் பேனாக்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.
ஜன்னலுக்கு வெளியே தன்யூப் ஓடுகிறது என்பது
இந்த மூடுபனியில்
நிறுவப்படாத ஊகம்.

மூன்றாம் கேள்வி எனக்கும் ஓக்னியனுக்கும்.
சைனை அடிமானமாக வைத்துக் கொசைனின் மடக்கை,
கொசைனை அடிமானமாக வைத்துச் சைனின் மடக்கை,
கூட்டினால் இரண்டு.
கோணம் எது?

பார்வைக்குத்தான் முரடு.
ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நிற்கும் இந்த இருவரும்
ஒருவருக்கொருவர் தலைகீழ், அவ்வளவே.
ஓர் எண்ணும் அதன் தலைகீழும் சேர்ந்து இரண்டானால்
அது ஒன்றைத் தவிர வேறாக இருக்க வழியில்லை.
ஒன்றென்றால் சைனும் கொசைனும் சமம்.
சமமென்றால் நாற்பத்தைந்து பாகை.
அரைச் சுற்று போனால் மறுபடியும் சமம்:
அங்கே, இருநூற்று இருபத்தைந்தில்,
இருவரும் ஒரே தொகைக்குக் கடன்பட்டு நிற்கிறார்கள்.

கண்ணி வைத்தது அங்கேதான்.
கடன்காரர்களுக்கு மடக்கை கதவு திறக்காது.
நூற்றுப் பன்னிரண்டு தாள்களில் எண்பத்தொரு பேர்
விடைக்கு அடியில் இரட்டைக் கோடு போட்டுவிட்டு
சந்தோஷமாக விழுந்து கிடந்தார்கள்.

பிறகு நாற்பத்தொன்றாம் எண் தாள்.
பெயர் இல்லை, ஒட்டப்பட்ட உறைக்குள் இருக்கிறது.
நீல மை. இடப்பக்கம் சாய்ந்த எழுத்து.
கடைசி வரியில் நூற்றெண்பதை அடித்து
மேலே முந்நூற்று அறுபது என்று எழுதியிருக்கிறது.
ஏன் என்று
ஒரு சொல் இல்லை.

ஆறு, என்றான் ஓக்னியன்.
பக்கத்து மேசையை எட்டிப் பார்த்திருக்கலாம்.
அவன் சொன்னதில் தப்பில்லை.
"மூன்றாம் கால்வட்டத்தை விலக்கியதற்குக் காரணம்: ஒரு மதிப்பெண்."
அந்த விதியை எழுதியதே நான்தான்,
டிசம்பரில், வர்னா போகும் ரயிலில்,
என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு.

தேநீர்க் கறை பட்டுவிடக் கூடாதென்று தாளை நகர்த்தினேன்.
நுண்ணோக்கியின் விளக்கு பக்கவாட்டில் விழுந்தது.
மையில்லாத பள்ளங்கள்.
பென்சிலால் ஒரு வட்டம், குறுக்கே இரண்டு கோடு,
கீழே இடப்பக்கக் கால்பகுதி முழுக்கக் கிறுக்கி நிரப்பியது.
அதன் மேல் பொடி எழுத்தில்:
இங்கே யாரும் இல்லை.
எல்லாவற்றையும் ரப்பரால் அழித்திருக்கிறது, மிகச் சுத்தமாக.

எதற்கு அழித்தாய், பெண்ணே, பையா, யாராயினும்?
படம் போட்டால் சின்னப்பிள்ளைத்தனம் என்றா?
அழிக்கப்பட்டதைத் திருத்துவதில்லை, ஒன்பதாம் விதி.
அதையும் நான்தான் எழுதினேனா என்று நினைவில்லை.

ஓக்னியன் கண்ணாடியைக் கழற்றினான்.
பள்ளத்தின் மேல் கட்டை விரலை வைத்துத் தடவினான்,
தாளுக்குக் காய்ச்சலா என்று பார்ப்பவன் போல.
அழுத்தி எழுதுகிற ஆள், என்றான்.
ஆனாலும் ஆறுதான் போட்டான்.
நான் ஏழு போட்டேன்.
ஆறரை என்று ஒன்று எங்களிடம் கிடையாது.
காலையில் ஸ்த்ராவ்கா வந்து தீர்க்கட்டும்.

அறையைப் பூட்டி, தவளைக்கு விளக்கணைத்து,
படியிறங்கும்போது அந்தக் கோணத்தை நினைத்தேன்.
இருநூற்று இருபத்தைந்து. பாவம்.
அதனிடம் சமம் இருந்தது, குறையில்லாமல் இருந்தது.
கேள்வி அதன் பக்கம் வரவே இல்லை.

பனிக்குள் எங்கிருந்தோ ஒரு சரக்குக் கப்பல்
நீளமாக ஒருமுறை ஊதியது.
ஆறு இருக்கிறது.
வழிமுறை காட்டவில்லை.
முழு மதிப்பெண் கொடுத்தேன்.